ஈரி

எங்கள் புவியியல் சேர் போய்விட்டார் என்ற செய்தி வட்ஸ்அப் குழுவில் வந்தது. நினைவு மலருக்கு ஏதாவது எழுது என்கிறார் செயலாளர். வேறென்ன எழுத, அந்த வாங்கைத்தான்.

எங்கள் பிரிவுக்கு ஞாபகமிருக்கும். சேர் புத்தகம் பாராமல் கரும்பலகையில் வட அமெரிக்காவின் ஐந்து பேரேரிகளையும் கீறிவிட்டு, "ஆழம் குறைஞ்சது எது?" என்றார்.

"ஒன்ராறியோ சேர். அதுதானே சின்னன்."

"சின்னன் எண்டால் ஆழமில்லை எண்டு உனக்கு ஆர் சொன்னது? ஏறு வாங்கில!"

மணி அடிக்கும்வரை "ஈரி 64 மீற்றர், ஒன்ராறியோ 244 மீற்றர்" என்று சொல்லிக்கொண்டு நின்றேன். வகுப்பில் ஆகக் கட்டையன் நான். அன்று மட்டும் எல்லோரையும்விட உயரம். அன்றிலிருந்து என் பெயர் ஈரி. ஏனென்று மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை.

விதியைப் பாருங்கள், 1989இல் வந்து விழுந்தது கனடாவில், அதே ஒன்ராறியோ ஏரிக்கரையில் இருக்கும் ஸ்காபரோவில்.

2003இல், சமாதான காலத்தில், ஊருக்குப் போனேன். சேர் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். சுகம்கூட விசாரிக்கவில்லை. "ஒன்ராறியோ மாரியில உறையிறதோ?"

முழித்தேன். ஏரிக்குப் பதினைந்து நிமிடத்தில் வீடு. பகலில் பக்டரி, இரவில் பெற்றோல் ஸ்டேசன். ஏரியை ஒழுங்காகப் பார்த்ததே இல்லை.

"பெரும்பாலும் உறையாது. ஆழம் எல்லே? ஈரிதான் உறையும்" என்று அவரே சொன்னார். பக்கத்தில் வாங்கு இல்லாதது என் அதிர்ஷ்டம். "அங்க கரைச் சுவரில பனியுக மண் அடுக்கடுக்காத் தெரியுமாம். ஒரு படம் எடுத்து அனுப்பு."

"ஓம் சேர்."

திரும்பி வந்துதான் படித்தேன். பிளஃப்ஸ் என்று நாங்கள் சொல்லும் அந்தச் சுவர் 15 கிலோமீற்றர் நீளம், உயர்ந்த இடத்தில் 90 மீற்றர். அதைப் பார்த்து இங்கிலாந்தின் ஸ்காபரோ ஞாபகம் வந்து, 1793இல் துணை ஆளுநரின் மனைவி எலிசபெத் சிம்கோ வைத்த பெயர்தான் இது. ஊர் நினைவில் பெயர் வைப்பது எங்கள் வியாதி மட்டுமல்ல. ஆகச் சின்னதென்ற ஏரியோ எங்கள் வடமாகாணத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஏறிப் பார்க்க ஒரு குன்றுகூட இல்லாத யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு சேருக்கு இதெல்லாம் தெரிந்திருந்தது.

படம் மட்டும் அனுப்பவில்லை. பிறகு சண்டை தொடங்கிவிட்டது என்று சொல்லலாம். 2009க்குப் பிறகு என்ன சாட்டு?

நேற்றுப் போய் எடுத்தேன். களி, மணல், திரும்பக் களி. மேல் அடுக்கில் குருவிகள் குடைந்த பொந்துகள். குழுவில் போட்டேன்.

"ஈரி, எந்த பீச் மச்சான்?" என்று லண்டனிலிருந்து ஒருவன் கேட்டிருக்கிறான்.