ட்ரெயினிங்குக்கு முதல்ல முதலாளிய அனுப்புங்க

மாசத்துக்கு ஒருத்தராவது வாட்ஸ்அப்ல கேட்டுடுறாங்க, அண்ணே பிஎம்பி (புராஜெக்ட் மேனேஜ்மென்ட் சர்டிபிகேட்) பண்ணலாமா, பண்ணா சம்பளம் ஏறுமான்னு. இன்னொரு பக்கம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல தெரிஞ்ச கம்பெனிக்காரங்க, நம்ம பசங்களுக்கு புராஜெக்ட் மேனேஜ்மென்ட் ட்ரெயினிங் குடுக்கணும்பா, நல்ல ஆளு யாராவது இருந்தா சொல்லேன்னு கேக்குறாங்க. ரெண்டு பேருக்கும் தனித்தனியா பதில் சொல்லிச் சொல்லி சலிச்சுப்போச்சு, அதான் இங்கயே எழுதிடலாம்னு உக்காந்தேன்.

தெரியாதவங்களுக்கு: நமக்கு வீடு கடலூர் மஞ்சக்குப்பம், வேலை பாண்டி மேட்டுப்பாளையம் பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனில. கெமிக்கல் பிளான்ட்டுக்கு டேங்க், வெசல், ஸ்கிட் (ஒரே ஃப்ரேம்ல பொருத்தின மெஷின் செட்) எல்லாம் செஞ்சு குடுப்போம். விசிட்டிங் கார்டுல பிளானிங் இன்ஜினியர்னு இருக்கும், நிஜத்துல என்னன்னா காலையில கஸ்டமர் ஃபோன்ல "அனுப்பிடுறோம் சார்", சாயங்காலம் ஷாப்ல (அதாவது பட்டறைல) "எப்பண்ணே முடியும்", இந்த ரெண்டு டயலாக்குக்கு நடுவுல ஒரு எக்செல் ஷீட்.

சர்டிபிகேட் கேக்குறவங்களுக்கு சுருக்கமா சொல்லிடுறேன். பிஎம்பி குடுக்குறது பிஎம்ஐ (புராஜெக்ட் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிட்யூட்), 1969-ல அமெரிக்காவுல ஆரம்பிச்ச அமைப்பு, இந்த பரீட்சை 1984-ல இருந்து இருக்கு. டிகிரி இருந்தா 36 மாசம் புராஜெக்ட்ட நடத்தின அனுபவம் காட்டணும், டிகிரி இல்லன்னா 60 மாசம், கூடவே 35 மணி நேரம் கிளாஸ் முடிச்சிருக்கணும். 2021-ல பேட்டர்ன மாத்தினப்போ 180 கேள்வி, 230 நிமிஷம்னு வச்சாங்க, அடிக்கடி மாத்துறாங்க, பணம் கட்டுறதுக்கு முன்னாடி அவங்க சைட்ல ஒரு தடவ பாத்துக்கோங்க. பாஸ் பண்ணா அதோட முடிஞ்சிடாது, 3 வருஷத்துக்குள்ள 60 பிடியு (தொடர்ந்து படிச்சதுக்கான பாயின்ட்) சேக்கலன்னா சர்டிபிகேட்ட நிறுத்தி வச்சிடுவாங்க, அப்புறமும் சேக்கலன்னா காலாவதி ஆயிடும். இப்பதான் காலேஜ் முடிச்சவங்கன்னா கேப்எம் பாருங்க (அதே பிஎம்ஐயோட ஆரம்ப கட்ட சர்டிபிகேட்), அதுக்கு அனுபவம் கேக்க மாட்டாங்க. பிரின்ஸ்2-ன்னு இன்னொரு புராஜெக்ட் மேனேஜ்மென்ட் முறை இருக்கு, பிரிட்டிஷ் கவர்மென்ட் உருவாக்கினது, 1996-ல இந்த வடிவத்துக்கு வந்துச்சு, லண்டன் பக்கம் போற ஐடியா இருந்தா யோசிக்கலாம். சென்னை ஐடி, பெரிய இபிசி (பிளான்ட்ட டிசைன் பண்ணி கட்டிக் குடுக்குற) கம்பெனி, கல்ஃப், இங்கெல்லாம் பிஎம்பிக்கு மதிப்பு இருக்கு. பாண்டி எஸ்டேட்ல இருந்துகிட்டே சம்பளம் ஏறும்னு நம்பி கடன் வாங்கி பண்ணாதீங்கப்பா. விஷயம் மட்டும் தெரிஞ்சா போதும்னா என்பிடெல்ங்கற ஆன்லைன் கிளாஸ் சைட்ல ஐஐடி வாத்தியாருங்க எடுத்த கிளாஸ் ஃப்ரீயாவே கிடக்கு.

இப்ப கம்பெனி ட்ரெயினிங் கதைக்கு வர்றேன், சொல்ல வந்ததே அதுதான்.

வழக்கமா எப்படி நடக்கும்னா, ஒரு ஹோட்டல் ஹால், ரெண்டு நாள், குளுகுளு ஏசி, மதியம் பிரியாணி. வர்றவர் லேப்டாப்ல எரநூறு ஸ்லைடு வச்சிருப்பார், அதுல முக்காவாசி சாஃப்ட்வேர் கம்பெனிக்கு செஞ்சது. ஸ்பிரின்ட் (குட்டி குட்டி கெடு வச்சு வேலைய முடிக்கறது), பேக்லாக் (பாக்கி வேலை லிஸ்ட்), தெனம் நின்னுகிட்டே மீட்டிங். தப்பு சொல்லல, அவங்க தொழிலுக்கு அது சரி. ஆனா ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிளேட்ட கட் பண்ணிட்டா பண்ணதுதான், அடுத்த ஸ்பிரின்ட்ல திருத்திக்கலாம்னு சொல்ல முடியாது. இப்படி ஒரு ட்ரெயினிங் எங்களுக்கும் நடந்துச்சு, முடிஞ்சதும் க்ரூப் ஃபோட்டோ எடுத்தோம், ஆளுக்கு ஒரு ஃபைல் குடுத்தாங்க, அந்த ஃபைல் இப்ப ஸ்டோர்ல கேட் பாஸ் வைக்க உதவுது.

அப்புறம் ஒரு தடவ சென்னைலேர்ந்து ஒருத்தர் வந்தார், கெமிக்கல் பிளான்ட் கட்டுற கம்பெனில வேல பாத்து ரிட்டயர்டு ஆனவர். ஹோட்டல் எல்லாம் வேணாம், உங்க ஷாப் மாடிலயே வச்சிக்கலாம்னுட்டார். ஸ்லைடு போடல. "இப்ப ஓடிட்டிருக்குற ஒரு பிஓ எடுத்துட்டு வாங்க"ன்னார், பிஓன்னா கஸ்டமர் குடுக்குற பர்ச்சேஸ் ஆர்டர். ஒரு ரியாக்டர் வெசல், டெலிவரி 70 நாள், ஒரு பண்டல் மஞ்ச ஸ்டிக்கர் பேப்பர், சுவத்துல ஒட்டினபடியே பிளான்.

நம்பர கணக்குக்காக கொஞ்சம் ரவுண்டு பண்ணி சொல்றேன், கவனமா பாருங்க. ட்ராயிங் அப்ரூவல் 10 நாள். அங்கேர்ந்து ரெண்டு வழி பிரியுது. ஒண்ணு பிளேட்டு வழி: பிளேட் வர 15, கட்டிங் ரோலிங் 5, ஷெல் சீம் வெல்டிங் (வெசலோட உருளை உடம்ப மூட்டறது) 6, ஆக மொத்தம் 36-ஆம் நாள் ஷெல் ரெடி. இன்னொண்ணு நாசில் (வெசல்ல பைப் சேர்ற வாய்) வழி: அதுக்கான ஃபோர்ஜிங் (அடிச்சு உருவாக்கின இரும்பு உருப்படி) வந்து சேரவே 35 நாள், அதாவது 45-ஆம் நாள்தான் கைக்கு வரும். நாசில் வந்தாதான் ஃபிட்டப் (பொருத்தறது), அதுக்கும் வெல்டிங்குக்கும் சேத்து 12, ரேடியோகிராஃபி (வெல்டிங்க எக்ஸ்ரே மாதிரி படம் புடிச்சு பாக்கறது) 4, ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணி அழுத்தத்துல சோதிக்கறது) 3, பிக்ளிங் (ஆசிட் போட்டு சுத்தம் பண்றது) 3, பேக்கிங் 1. கூட்டுங்க, 68. தேதிக்கு ரெண்டு நாள் முன்னாடியே லாரி ஏத்திடலாம்.

முதல்ல அவர் வெல்டிங் மொத்தத்தையும் நாசிலுக்கு அப்புறம்தான் ஒட்டினார். எங்க ஃபோர்மேன் அண்ணன், அதுவரைக்கும் கைய கட்டிகிட்டு பின்னாடி பெஞ்சுல உக்காந்திருந்தவர், எழுந்து போய், "சார் சீம் அடிக்க நாசில் எதுக்கு"ன்னு அந்த சீட்ட பிச்சு முன்னாடி ஒட்டினார். அதுக்கப்புறம் ரூம்ல ட்ரெயினர் யாரு ட்ரெய்னி யாருன்னே தெரியல.

இந்த கணக்கு புதுசு ஒண்ணும் கெடையாது. கிரிட்டிக்கல் பாத்துன்னு சொல்றாங்களே (எந்த வழி நீளமோ அதுதான் முடியற தேதிய தீர்மானிக்கும்ங்கற கணக்கு), அது 1950-கள் கடைசில டூபான்ட்னு ஒரு கெமிக்கல் கம்பெனி, ரெமிங்டன் ரேண்டு ஆளுங்களோட உக்காந்து, பிளான்ட் கட்டுறதுக்கும் ஷட்டவுன் (பிளான்ட்ட நிறுத்தி ரிப்பேர் பாக்கற) வேலைக்கும் கண்டுபிடிச்சது. அமெரிக்க கடற்படைல போலாரிஸ் ஏவுகணைக்கு பெர்ட்டுன்னு இன்னொரு முறைய கொண்டுவந்ததும் 1958-தான். இன்னிக்கு குடிகாடு சிப்காட்ல ஒரு பிளான்ட் ஷட்டவுன் எடுக்கறாங்கன்னா அதே கணக்குதான், கம்ப்யூட்டர்ல போடுறாங்க அவ்வளவுதான் வித்தியாசம்.

சுவத்துல பாத்தப்பதான் எல்லாருக்கும் ஒரு விஷயம் உறைச்சுது. பிளேட்டு வழில 9 நாள் சும்மா இருக்கு. ஆனா நாங்க ஞாயித்துக்கெழம ஓவர்டைம் போட்டு அடிச்சுகிட்டிருந்தது எங்க? ரோலிங்ல. பிளேட்டு கண்ணுக்கு தெரியுது, பெருசா இருக்கு, தட்டுனா சத்தம் வருது, அத ஓட்டினா வேலை ஓடுற மாதிரி ஒரு திருப்தி. நாசில் எங்கயோ மகாராஷ்டிரா பக்கம் ஃபோர்ஜிங் ஷாப்ல கிடக்கு, அத யாரு தெனம் நெனப்பா.

அங்க விட்டிருந்தா நல்ல ட்ரெயினிங்னு சொல்லி முடிச்சிருப்பேன். அவர் விடல. "ட்ராயிங் அப்ரூவல் ஆன அன்னிக்கே நாசில் ஆர்டர் போயிடுச்சா"ன்னு கேட்டார். பர்ச்சேஸ் தம்பி நெளிஞ்சான். வெண்டர் அட்வான்ஸ் இல்லாம ஆரம்பிக்க மாட்டான், அட்வான்ஸ் ரிலீஸ் ஆக 12 நாள் ஆச்சு. சரி அதுக்கு ஒரு சீட்டு எழுதுங்கன்னார். எழுதி, ட்ராயிங்குக்கும் நாசிலுக்கும் நடுவுல ஒட்டியாச்சு. 68 இப்ப 80. ஒவ்வொரு சீட்டுலயும் கீழ பொறுப்பு யாருன்னு பேரு எழுதணும்ங்கறது ரூல். இதுக்கு யாரு? பர்ச்சேஸ் தம்பி என்னைய பாக்குறான், நான் அக்கவுன்ட்ஸ் அக்காவ பாக்குறேன், அக்கா ஜன்னல பாக்குறாங்க. ஏன்னா செக்குல கையெழுத்து போடுற ஒரே ஆள் முதலாளி, அவர் அந்த நேரம் மாடிப்படில நின்னு யார்கிட்டயோ ஃபோன் பேசிகிட்டிருந்தார்.

அவர் உள்ள வந்ததும் சீட்டுல அவர் பேரு. "ஏம்பா, என் பேர எதுக்குபா அங்க எழுதுறீங்க"ன்னார், சிரிச்சிகிட்டேதான். ட்ரெயினர் ஒண்ணும் பேசல, போர்டுல எல்டி (லேட்டானா கஸ்டமர் புடிச்சிக்கற தொகை) கணக்கு மட்டும் போட்டார். பிஓ-ல வாரத்துக்கு அரை பர்சன்ட், ஒரு நாள் தாண்டினாலும் முழு வாரம். 10 நாள் லேட்டுன்னா ரெண்டு வாரம், ஒரு பர்சன்ட். 40 லட்சம் ஆர்டருக்கு 40,000 ரூபா. முதலாளி சேர இழுத்து போட்டு உக்காந்தார், அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் எழுந்திரிக்கவே இல்ல, ஃபோன கூட சைலன்ட்ல போட்டார்னு அக்கவுன்ட்ஸ் அக்கா இன்னும் சொல்லிகிட்டே இருக்காங்க. அடுத்த ஆர்டர்லேர்ந்து, குறிப்பிட்ட தொகை வரைக்கும் அட்வான்ஸ் அவர் இல்லன்னாலும் போகும்னு லெட்டர் குடுத்துட்டார்.

அதனாலதான் தலைப்ப அப்படி வச்சேன். என் கண்ணுக்கு தெரிஞ்ச வரைக்கும் நம்மூர் சின்ன கம்பெனிகள்ல லேட் ஆகறது முக்காவாசி முடிவு எடுக்குற எடத்துல, வெல்டிங் பண்ற எடத்துல இல்ல. கஸ்டமர்கிட்ட ஃபோன்லயே தேதிய குடுத்துடறது, பாதில ஆள புடுங்கி வேற ஜாப்ல போடுறது, பணத்த நிறுத்தி வைக்கறது, இதெல்லாம் யாரு செய்யறா? இதுல எதையும் மாத்த அதிகாரம் இல்லாத நாலு பேர அனுப்பி பாடம் நடத்தினா, அவங்க திரும்பி வந்து புலம்பறதுக்கு புது வார்த்தை கத்துகிட்டு வருவாங்க, அவ்வளவுதான். இது நானா சொல்றதில்ல, அந்த முறைகள்லயே இருக்கு. பிரின்ஸ்2-ல புராஜெக்ட் மேனேஜருக்கு மேல ஒரு போர்டு, அதுல எக்ஸிக்யூட்டிவ்னு ஒருத்தர், இந்த வேலைய தொடர்றது இன்னும் லாபம்தானான்னு கடைசி வரைக்கும் பாக்க வேண்டியது அவர் பொறுப்பு. பிஎம்ஐ பக்கம் அவர ஸ்பான்சர்னு சொல்வாங்க. நம்ம கம்பெனில அந்த நாற்காலில யாரு இருக்கான்னு உங்களுக்கே தெரியும்.

புரோகிராம் மேனேஜ்மென்ட் கிளாஸும் முதலாளிக்குத்தான் அதிகமா தேவை. கூடுதலா நாலு புராஜெக்ட் பாத்தா அது புரோகிராம்னு நெறைய பேர் நெனச்சிகிட்டிருக்காங்க. ஒரு கம்பெனி புது ஷெட் போடுது, பெரிய ரோலிங் மெஷின் வாங்குது, ஏஎஸ்எம்இ யு ஸ்டாம்ப்புக்கும் (பிரஷர் வெசல் செய்ய தகுதி உண்டுன்னு தர்ற அமெரிக்க முத்திரை) அப்ளை பண்ணுதுன்னு வச்சிக்கோங்க. மூணுக்கும் மூணு பேர் பொறுப்பு, மூணும் தேதிக்கு முடியுது. ஆனா மூணையும் செஞ்சது பெரிய பிரஷர் வெசல் ஆர்டர் புடிக்கத்தானே, அது வந்துச்சான்னு யாரு பாக்கறது? அத பாக்கறதுதான் புரோகிராம். இதுக்கு எம்எஸ்பின்னு ஒரு முறை 1999-லேர்ந்து இருக்கு, அதுவும் பிரிட்டிஷ் கவர்மென்ட் தந்ததுதான்.

நம்ம ஊர்லயே பெரிய உதாரணம் இருக்கு. 2011 டிசம்பர் 30 தானே புயல் யாருக்கும் மறந்திருக்காது. அதுக்கப்புறம் 2013-ல வேர்ல்ட் பேங்க் கடனோட தமிழ்நாட்டுக்கும் பாண்டிக்கும் சேத்து கடலோர பேரிடர் குறைப்பு திட்டம்னு ஒண்ணு வந்துச்சு. கான்க்ரீட் வீடு ஒரு பக்கம், புயல் பாதுகாப்பு கட்டடம் ஒரு பக்கம், எச்சரிக்கை ஏற்பாடு ஒரு பக்கம், கடலூர் டவுன்ல கரண்ட் கம்பிய தரைக்கு அடில கொண்டு போறது ஒரு பக்கம். ஒவ்வொண்ணும் தனித்தனி கான்ட்ராக்ட், தனித்தனி டிபார்ட்மென்ட். கேபிள் எத்தன கிலோமீட்டர் போட்டாங்கங்கறது புராஜெக்ட் கணக்கு. அடுத்த புயல்ல ஊர் எவ்வளவு சீக்கிரம் எழுந்திரிக்குதுங்கறது புரோகிராம் கணக்கு.

புயல்னு சொன்னதும் ஞாபகம் வருது, ரிஸ்க் ரெஜிஸ்டர் (என்னென்ன ஆபத்து வரலாம்ங்கற லிஸ்ட்) பயிற்சில எல்லாரும் முதல் வரில மழைன்னு எழுதினோம். ட்ரெயினர் அடிச்சிட்டார். வடகிழக்கு பருவமழை அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் வரும்னு குழந்தைக்கும் தெரியும், அப்ப அத ரிஸ்க்குல ஏன் எழுதறீங்க, ஷெட்யூல்ல எழுதுங்கன்னார். நியாயம்தானே. காத்துல ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல போனா பெயின்ட் அடிக்கக்கூடாது, நவம்பர்ல வெளியில பெயின்டிங்னு பிளான் போட்டா அது நம்ம பிளான் கோளாறு. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் வந்து பாண்டிய முழுகடிச்சுது, சாத்தனூர் அணைலேர்ந்து தண்ணி தொறந்து தென்பெண்ணை ஓரம் இருந்த ஊரெல்லாம் தண்ணில நின்னுது, அந்த மாதிரி ஒண்ணு எந்த வாரம் வரும்னு தெரியாது பாருங்க, அதுதான் ரிஸ்க். அதுக்கு முன்கூட்டியே என்ன செய்யணும், பேனல் போர்ட எவ்வளவு உயரத்துல வைக்கணும், வெல்டிங் ராட எந்த ரூமுக்கு மாத்தணும்னு எழுதி வைக்கணும். எழுதினோம். ராட காய வைக்கிற ஓவன் இப்ப மாடில இருக்கு.

ட்ரெயினிங்குக்கு கொட்டேஷன் கேக்குறவங்க ட்ரெயினர்கிட்ட ரெண்டே ரெண்டு கேளுங்க: எங்க பிஓ ஒண்ண வச்சு சொல்லித் தர முடியுமா, மூணு மாசம் கழிச்சு ஒரு நாள் வந்து சுவத்த பாப்பீங்களா. ரெண்டாவதுக்கு தயங்கினார்னா வேற ஆள பாருங்க. தேதி போடுறதுக்கு முன்னாடி முதலாளி டைரிய வாங்கி, ரெண்டு நாளும் அவர் ஊர்ல இருக்காரான்னு பாத்துட்டு அப்புறம் போடுங்க. மார்ச் கடைசி வேணாம், எல்லாரும் பில்லிங்ல இருப்பாங்க. ஆயுத பூஜை வாரமும் வேணாம், ஷாப்ல பாதி பேர் மெஷின் தொடைச்சிகிட்டிருப்பாங்க. ஜூன், ஜூலை சரியா இருக்கும், மழைக்கு முன்னாடி ஒரு பெரிய ஜாப்பாவது சுவத்துல ஏத்திடலாம். ஃபோர்மேன கண்டிப்பா கூப்பிடுங்க, அவருக்கு அன்னிக்கு ஷாப்ல வேல இருக்குன்னு யாரு சொன்னாலும் கேக்காதீங்க.