மென்மையை எங்கே வைப்பது? அதிவேக ரயிலின் தரை அதிர்வு பற்றி

மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் ரயிலில், 920 மில்லிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் நொடிக்கு ஏறத்தாழ 29 முறை சுழல்கிறது. சக்கரத்தின் வட்டம் சற்றே பிசகியிருந்தாலும் பெட்டியின் தரைக்கு நொடிக்கு 29 உதைகள் விழும். தண்டவாளத்தைத் தாங்கும் கட்டைகள் 60 சென்டிமீட்டருக்கு ஒன்றாக இருந்தால், அவற்றைக் கடப்பதால் எழும் அதிர்வு 139 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 139 முறை. இவை போதாதென்று பெட்டியே ஓர் அதிர்வுப் பொருள்: இரு முனைகளிலும் தாங்கப்பட்ட நீண்ட பலகையைப் போல, அந்த அலுமினியக் கூடு 10 ஹெர்ட்ஸை ஒட்டிய அதிர்வெண்ணில் மேலும் கீழுமாக வளைந்து நிமிர்கிறது. உட்கார்ந்திருக்கும் மனித உடல் செங்குத்து அதிர்வை மிகக் கூர்மையாக உணர்வது ஏறத்தாழ 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரை. எடையைக் குறைப்பதற்காகக் கூட்டின் விறைப்பையும் விட்டுக்கொடுத்தால், வளைவின் அதிர்வெண் இறங்கி நேராக இந்த எல்லைக்குள் வந்து நிற்கும்.

மெதுவான அதிர்வுக்கும் விரைவான அதிர்வுக்கும் உள்ள வேறுபாட்டை அறியக் கருவி எதுவும் தேவையில்லை. பெட்டியின் நடுவே அமர்ந்து குதிகாலைத் தரையில் அழுத்தினால் தெரிவது பெரும்பாலும் கூடு வளைவதால் வரும் மெதுவான துடிப்பு. பெட்டிக்கு அடியில் சக்கரங்களையும் அச்சுகளையும் தாங்கும் வண்டிச் சட்டகமான போகிக்கு நேர் மேலே அமர்ந்தால் அது தணிந்து, உள்ளங்காலில் குறுகுறுக்கும் நுண்ணதிர்வு மேலோங்கும்.

வழக்கமான தீர்வு இரண்டு அடுக்குகளில் அமைகிறது. அச்சுக்கும் போகிச் சட்டகத்துக்கும் இடையே சுருள்வில்லும், சட்டகத்துக்கும் பெட்டிக்கும் இடையே காற்றுப்பையும் இருக்கின்றன. காற்றுப்பையின் மேல் பெட்டி ஏறத்தாழ 1 ஹெர்ட்ஸில் அசைவதால், அதைவிட மிக விரைவான அதிர்வுகள் அந்த வழியாக ஏறுவது அரிது. ஆனால் அதிர்வு எப்போதும் மாற்றுப் பாதையைத் தேடும். போகி பக்கவாட்டில் அலைபாயாமல் தடுக்கும் டேம்பர் என்ற அதிர்வடக்கியும், இழுவிசையைக் கடத்தும் தண்டும் அதற்கு வாகான குறுக்குவழிகள். அதனால்தான் அவற்றின் முனைகளில் ரப்பர் புஷ்கள் எனும் மென்மையான உறைகள் வைக்கப்படுகின்றன. உட்தரையும் கூட்டின் மேல் நேராக அமராமல் ரப்பர் தாங்கிகளின் மேல் மிதக்கிறது. அந்தத் தரைப்பலகையை ஊடுருவி ஒரே ஒரு நீளமான திருகாணி கீழுள்ள உலோகத்தைத் தொட்டுவிட்டாலும், அந்த இடத்தில் மிதக்கும் தரை என்பது பெயரளவில்தான்.

ரப்பரை எந்த இடத்தில் வைக்கிறோம் என்பது எவ்வளவு பெரிய கேள்வி என்பதை ஜெர்மனி மிகக் கொடிய விதத்தில் அறிந்துகொண்டது. 1991இல் ஓடத் தொடங்கிய ஐசிஇ 1 என்ற ஜெர்மன் அதிவேக ரயில்களில் பெட்டியைத் தாங்கியவை காற்றுப்பைகள் அல்ல, எஃகுச் சுருள்வில்கள். உணவுப் பெட்டியில் அதிர்வும் இரைச்சலும் பொறுக்க முடியாதபடி இருந்ததால், எஃகு வளையத்துக்கும் சக்கரத்தின் உடலுக்கும் இடையே ரப்பர் பட்டை வைத்த சக்கரங்கள் பொருத்தப்பட்டன. அதிர்வு தணிந்தது உண்மை. ஆனால் ரப்பரின் மேல் அமர்ந்த வளையம் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்ந்ததால், அதன் உட்புறம் நாளடைவில் களைப்புற்று விரிசல் கண்டது. 1998 ஜூன் 3 அன்று எஷெடெ ஊருக்கு அருகே அந்த வளையம் உடைந்து, பெட்டியின் தரையையே துளைத்துக்கொண்டு மேலேறியது. தொடர்ந்து ரயில் தடம் புரண்டதில் 101 பேர் இறந்தனர். அதன்பின் அந்த ரயில்களுக்கு ஒரே துண்டாலான எஃகுச் சக்கரங்களே திரும்பி வந்தன. அதிர்வைத் தணிக்கும் மென்மை போகிக்கு மேலேதான் இருக்க வேண்டும், சக்கரத்துக்குள் அல்ல என்பது என் உறுதியான கருத்து.

கூட்டின் வளைவை அடக்க எனக்குப் பிடித்த வழி வேறொன்று. பெட்டியின் அடியில் தொங்கும் மின்மாற்றி போன்ற கனமான கருவிகளை இறுகப் பூட்டாமல், ரப்பர் தாங்கிகளின் விறைப்பைக் கணக்கிட்டுத் தொங்கவிட்டால், கூடு மேலெழும்போது அவை எதிர்த்திசையில் அசைந்து அந்த வளைவை உறிஞ்சிக்கொள்ளும். எப்படியும் சுமந்தாக வேண்டிய எடை என்பதால், இதற்கெனப் புதிய பளு எதையும் ஏற்றத் தேவையில்லை.

இத்தனைக்குப் பிறகும் சக்கரத்தின் வட்டம் கெட்டால் பயனில்லை. சுற்றளவில் 20 நுண்ணிய மேடுகள் உருவான சக்கரம் 300 கிலோமீட்டர் வேகத்தில் 577 ஹெர்ட்ஸ் அதிர்வை எழுப்பும். அது காலுக்கு எட்டுவதைவிடக் காதுக்கே அதிகம் எட்டும், போகியின் போல்ட்டுகளையும் தளர்த்தும். பணிமனையில் சக்கரத்தைக் கடைந்து மீண்டும் வட்டமாக்குவதே இதற்கு மருந்து. ஒவ்வொரு கடைசலும் சக்கரத்தின் ஆயுளைக் குறைக்கும் என்பதால் அதைத் தள்ளிப்போடும் ஆசை எழுவது இயல்பு. ஆனால் தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும் அந்த மேடுகள் வளர்ந்துகொண்டேதான் இருக்கும்.