புதுக்குதலும் புதுப்பித்தலும்

ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்க அண்மையில் விண்ணப்பித்தேன். வந்து சேர்ந்த அட்டை புதியது, அதில் இருந்த படம் புதியது, முடிவடையும் தேதியும் புதியது. எண் மட்டும் 20 ஆண்டுகளுக்கு முன்பு கொடுத்த அதே எண். (படத்தில் முடி குறைந்திருப்பதைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.)

அந்த எண்ணைப் பார்த்தபோதுதான் ‘புதுப்பித்தல்’ எவ்வளவு கறாரான சொல் என்பது உறைத்தது. புது வீடு கட்டியவரிடம், வீட்டைப் புதுப்பித்தீர்களா என்று யாரும் கேட்பதில்லை. முன்பின் தெரியாதவரோடு நட்புக் கொள்ளலாம், புதுப்பிக்க முடியாது. புதுப்பிப்பதற்கு முதலில் பழையது ஒன்று இருக்க வேண்டும்; புதுப்பித்த பின்னும் அது அதுவாகவே இருக்க வேண்டும்.

‘புது’ என்னும் அடியோடு ‘கு’ சேர்ந்து ‘புதுக்கு’ என்றும், கற்பி, நடப்பி என்பவற்றில் வரும் ‘பி’ சேர்ந்து ‘புதுப்பி’ என்றும் இரண்டு வினைகள் தமிழில் உண்டு. முன்னது நம் அன்றாடப் பேச்சில் இல்லை; மலையாளிகளோ பாஸ்போர்ட்டையும் காப்பீட்டையும் இன்றும் ‘புதுக்குகிறார்கள்’. கன்னடத்தில் இதே அடி ‘பொச’ என்றிருந்து ‘ஹொச’ ஆனது. நம் ஓசூர் அந்த வழியில் வந்த புத்தூர்தான்.

நாம் கைவிட்ட ‘புதுக்கு’ கல்வெட்டுகளில் இருக்கிறது. கோயிலில் சிதைந்ததைச் சீர்செய்வதற்கென்றே விடப்பட்ட நிலத்துக்குப் ‘புதுக்குப்புறம்’ என்று பெயர். கல்லும் ஒரு நாள் பழுதுபடும் என்று எண்ணி, அந்தச் செலவுக்கு வயலின் விளைச்சலை முன்கூட்டியே ஒதுக்கியவர்களின் சொல் அது. ‘பராமரிப்பு நிதி’ என்று இன்று நாம் எழுதுவதைவிட எனக்கு அதுவே பிடித்திருக்கிறது.

இச்சொல்லின் பொருளைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால், குடமுழுக்கை ஒட்டி நடக்கும் அஷ்டபந்தனத்தைப் பார்க்க வேண்டும். கொம்பரக்கு, சுக்கான்தூள், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் ஆகிய எட்டையும் சேர்த்து உலக்கையால் இடித்து இளக்கி, கெட்டிப்படுவதற்கு முன்பே திரிபோல் உருட்டி, சிலைக்கும் பீடத்துக்கும் இடையில் உள்ள இடுக்கில் விரலால் அழுத்திச் சேர்ப்பார்கள். நாளாக ஆக அது கல்லைப்போல் இறுகிவிடும். சிலை அதே சிலை, பீடமும் அதே பீடம். இரண்டையும் பிணைக்கும் மருந்து மட்டும் புதிது.

பேச்சில் இப்போது பெரும்பாலும் ‘ரினிவல்’ என்றே சொல்லிவிடுகிறோம். அடகுக் கடையில் மட்டும் வேறு வழக்கு உண்டு: கெடு முடியும்போது வட்டியைக் கட்டிவிட்டு, நகையை ‘மாற்றி வைத்தேன்’ என்பார்கள். உண்மையில் நகை கடைக்காரரின் பெட்டகத்தை விட்டு வெளியே போவதே இல்லை. மாறுவதெல்லாம் ரசீதில் உள்ள தேதிதான்.