4.7 போய் 3.54 வந்து, மறுபடியும் 4.7: அப்பாவின் லேண்ட் ரோவரில் ஓர் ஆண்டு வேலை

எங்கள் வண்டி 1978ஆம் ஆண்டு சீரீஸ் 3 லேண்ட் ரோவர், 88 இஞ்ச் குட்டைச் சேஸி. மலேசியாவின் கேமரன் மலையில் கம்போங் ராஜாவுக்கு மேலே எங்கள் கோசுத் தோட்டம். தோட்டத்திலிருந்து தார் ரோட்டுக்கு இறங்க ஒன்றரை கிலோமீட்டர் மண்பாதை. அந்தப் பாதைக்காகவே அப்பா இந்த வண்டியை வாங்கினார். நான் சிறுவனாக இருந்தபோதே பின்னால் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து போன வண்டி இது.

வண்டியோடு வந்த 2.25 லிட்டர் டீசல் இஞ்சினுக்கு 62 குதிரைத்திறன். அது தேய்ந்து போனதும், ஈப்போ பக்கம் ஒரு ஹாஃப்கட் கடையில் (பழைய வண்டிகளைப் பிரித்துச் சாமான் விற்கும் கடை) லேண்ட் ரோவர் டிஸ்கவரியிலிருந்து இறக்கிய 200 டிடிஐ டர்போ டீசல் இஞ்சின் ஒன்றை வாங்கிப் போட்டோம். புஸ்பாகோம் வாகனச் சோதனை, கெரானில் (வண்டியின் பதிவுப் பத்திரம்) இஞ்சின் எண் மாற்றம் எல்லாம் முறையாக முடிந்தன. அது 2 வருடத்துக்கு முந்தைய வேலை. இப்போது எழுதுவது இஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் சாமான்களைப் பற்றி. பழைய இஞ்சின் கொடுத்த முறுக்குவிசை ஏறக்குறைய 140 நியூட்டன் மீட்டர். புதியது 265. ஆனால் அதை வாங்கிச் சக்கரம் வரை கொண்டுபோகிற கியர்பாக்ஸ், டிஃப், ஹாஃப் ஷாஃப்ட் எல்லாம் 1978இல் வந்தவை. ஆக்ஸிலின் நடுவில் இருந்து சுழற்சியை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதிதான் டிஃப். அதிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டு ஹாஃப் ஷாஃப்ட். தலைப்பில் உள்ள 4.7, 3.54 இரண்டும் டிஃப்பின் பல் விகிதம்.

பிப்ரவரி

தைப்பூசம் முடிந்த வாரம். காலி கூடைகளோடு தார் ரோட்டு ஏற்றத்தில் போய்க்கொண்டிருந்தேன். எதிரே வந்த லோரிக்கு வழிவிட நின்றுவிட்டு, கிளட்சை விட்டுக் கிளம்பினேன். பின்னால் டங் என்று ஒரே ஒரு சத்தம். இஞ்சின் சுற்றியது, வண்டி நகரவில்லை. நகராதது மட்டுமல்ல, பின்னோக்கி உருளத் தொடங்கியது. கால் பிரேக்கை அழுத்திக்கொண்டு கைப்பிரேக்கை முழுக்க இழுத்தேன். காலை மெல்ல எடுத்தால் மறுபடியும் உருள்கிறது.

எங்களிடம் வேலை செய்யும் பங்களாதேஷ்காரர் பின்னால் இருந்தார். "பத்து! பத்து!" என்று கத்தினேன், மலாயில் கல் என்று அர்த்தம். அவர் குதித்து இறங்கி, ஓரத்தில் கிடந்த இரண்டு கற்களைச் சக்கரத்துக்குப் பின்னால் தள்ளினார். அப்புறம்தான் காலை எடுக்க முடிந்தது.

சீரீஸ் வண்டி வைத்திருப்பவர்கள் இதை நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த வண்டியின் கைப்பிரேக் சக்கரத்தில் இல்லை. கியர்பாக்ஸுக்குப் பின்னால், ஹை, லோ என்று இரண்டு விகிதங்களில் முன், பின் ஆக்ஸில்களுக்கு விசையை அனுப்பும் டிரான்ஸ்ஃபர் பெட்டி இருக்கிறது. அதன் பின்பக்கம், டிஃப்புக்குப் போகும் நீளத் தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் ஒரு டிரம் இருக்கிறது. கைப்பிரேக் அந்த ஷாஃப்ட்டைத்தான் பிடிக்கிறது. பின் ஹாஃப் ஷாஃப்ட் ஒன்று உடைந்துவிட்டால், டிஃப் இரண்டு சக்கரங்களையும் தன் போக்கில் சுற்ற விட்டுவிடும். டூ வீல் டிரைவில் இருக்கும்போது இப்படி ஆனால், கைப்பிரேக் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

முன் ஹப்புகளைக் கையால் லாக் செய்து, மஞ்சள் குமிழை அழுத்தி ஃபோர் வீல் போட்டேன். முன் ஆக்ஸில் இழுத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தது.

கொட்டகையில் வைத்துப் பிரித்தோம். ஹப்பில் 6 போல்ட் கழற்றியதும் வலப்பக்க ஷாஃப்ட் கையோடு வந்துவிட்டது, நுனி மட்டும் இல்லை. ஷாஃப்ட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நுனிக்கருகே, டிஃப்புக்குள் செருகி நிற்கும் 10 ஸ்ப்லைன் பற்களும் நேராக இல்லாமல், ஈரத்துணியைப் பிழிந்தது போல ஒரு பக்கமாகத் திருகியிருந்தன. உடைந்த முகத்தில் பிறை வடிவில் ஓர் இடம் கறுத்துப் போய், எண்ணெய் ஊறியிருந்தது. மீதி இடம் சாம்பல் நிறத்தில் பளபளவென்று இருந்தது. அந்தக் கறுப்பு பழைய விரிசல். பல மாதமாக, ஒருவேளை பல வருடமாக, கொஞ்சம் கொஞ்சமாக விரிந்து வந்திருக்கிறது. அன்றைக்கு அறுந்தது அந்தப் பளபளப்பான பகுதி மட்டும்தான்.

உள்ளே மாட்டிக்கொண்ட நுனியைக் காந்தம் கட்டிய கம்பியால் இழுத்து எடுக்க முடிந்தது. சிலர் அதோடு புது ஷாஃப்ட்டைச் செருகிவிடுவார்கள். செய்யாதீர்கள். 10 நட்டைக் கழற்றி டிஃப்பையே வெளியே எடுத்தேன். ஆக்ஸில் கூட்டை டீசல் ஊற்றிக் கழுவியபோது அடியில் மூன்று இரும்புத் துணுக்குகள் கிடைத்தன. அதில் ஒன்று டிஃப்பின் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலுக்கும் அதைச் சுற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனுக்கும் நடுவே போயிருந்தால் டிஃப்பும் போயிருக்கும்.

ஏப்ரல்

டிஃப்தான் வெளியே வந்துவிட்டதே, பல் விகிதத்தையும் மாற்றிவிடலாம் என்று யோசனை வந்தது. சீரீஸ் வண்டியில் வரும் டிஃப் 4.7, அதாவது பினியனில் 10 பல், கிரவுன் வீலில் 47. டிரான்ஸ்ஃபர் பெட்டி ஹை ரேஞ்சில் 1.148. இரண்டையும் பெருக்கினால் 4ஆம் கியரில் இஞ்சின் 5.4 சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று. என் 7.50-16 டயரில் இஞ்சின் நிமிடத்துக்கு 2500 சுற்றில் வண்டி 68 கிலோமீட்டர் வேகம் போகும். 90 போக 3300 சுற்று வேண்டும். டிடிஐ அவ்வளவு தூரம் அலறத் தேவையே இல்லாத இஞ்சின், 1800 சுற்றிலேயே முழு முறுக்கையும் கொடுத்துவிடும்.

ஹாஃப்கட் கடை முதலாளி, தவுக்கே, பழைய ரேஞ்ச் ரோவரின் 3.54 டிஃப் இரண்டு இருக்கிறது, எல்லாரும் அதைத்தான் போடுகிறார்கள் என்றார். உண்மைதான். 10 ஸ்ப்லைன் உள்ள பழைய ரேஞ்ச் ரோவர் டிஃப் சீரீஸ் ஆக்ஸில் கூட்டில் அப்படியே உட்காரும். பற்களுக்கு நடுவே இடைவெளி சரிபார்க்கிற நுட்ப வேலையும் இல்லை, முழு டிஃப்பாகவே மாற்றிவிடலாம். ஆனால் முன்னும் பின்னும் சேர்த்தே மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஃபோர் வீலில் இரண்டு ஆக்ஸிலும் ஒன்றோடொன்று சண்டை போடும்.

கடையில் சொன்னதை நம்பி மட்டும் வாங்காமல், பினியனில் சாக்பீஸால் கோடு போட்டுச் சுற்றிப் பார்த்தேன். கிரவுன் வீல் ஒரு சுற்று வர, பினியன் மூன்றரைச் சுற்றும் கொஞ்சமும். சரி, 3.54தான்.

பின் டிஃப் அரை நாள் வேலை. முன் டிஃப்புக்கு இரண்டு நாள். இரு பக்கமும் முன் சக்கரம் திரும்பும் மூட்டான ஸ்விவல் கூட்டோடு சேர்த்து ஷாஃப்ட்டை வெளியே இழுத்தால்தான் டிஃப்பை எடுக்க முடியும். கிரீஸும் எண்ணெயும் கலந்த கறுப்புக் கூழ் முழங்கை வரை ஏறியது.

ஓட்டிப் பார்த்தபோது எனக்கு ஒரே மகிழ்ச்சி. அதே 2500 சுற்றில் 90 கிலோமீட்டர். சிம்பாங் பூலாய் வரை இறங்கி ஈப்போ போய்வந்தேன், காதில் இரைச்சல் இல்லாமல். லோ ரேஞ்சின் முதல் கியர் 40.6இலிருந்து 30.6ஆகக் குறைந்ததைப் பற்றிக் கவலைப்படவில்லை. பழைய இஞ்சினின் 140ஐ 40.6ஆல் பெருக்கினால் சுமார் 5700. புது இஞ்சினின் 265ஐ 30.6ஆல் பெருக்கினால் 8100. ஏற்றத்தில் முன்பை விட அதிகமாகத்தானே இழுக்கும்? இழுத்தது.

ஸ்பீடோமீட்டர் மட்டும் குறைத்துக் காட்டியது. அதன் கேபிள் டிரான்ஸ்ஃபர் பெட்டியிலிருந்து வருவதால் டிஃப் மாறியது அதற்குத் தெரியாது. முள் 60இல் நின்றால் உண்மையில் 80.

அக்டோபர்

கணக்கில் தவறில்லை. ஆனால் ஏற்றத்துக்கு மட்டுமே கணக்குப் போட்டிருந்தேன். எங்கள் தோட்டம் ரோட்டுக்கு மேலே இருக்கிறது. வண்டி ஏறுவது காலிக் கூடையோடு, இறங்குவது சுமையோடு.

மழை பிடித்த இரண்டாம் வாரம், 400 கிலோவுக்குக் குறையாத கோசோடு அப்பா இறக்கிக்கொண்டு வந்தார். நான் பக்கத்தில். பாதை களிமண், சிவப்பாக மின்னுகிறது. வழக்கம்போல லோ ரேஞ்ச், முதல் கியர், கால் எதிலும் படாமல். இந்த மண்ணில் பிரேக்கைத் தொட்டால் சக்கரம் நின்று வண்டி சறுக்கும், அதனால் அப்பா பிரேக்கை மிதிக்கவே மாட்டார். அன்றைக்கு மூன்று முறை மிதித்தார்.

"தம்பி, வண்டி தள்ளுதுப்பா. முன்ன மாதிரி பிடிச்சு நிக்கல" என்றார்.

இஞ்சின் ஐடிலில் 800 சுற்று. பழைய 4.7இல் முதல் லோ கியரில் வண்டி மணிக்கு 2.9 கிலோமீட்டர் நகரும். 3.54இல் 3.8. காகிதத்தில் ஒரு கிலோமீட்டர் கூட வித்தியாசம் இல்லை. ஆனால் பெரியவர் ஒருவர் மெதுவாக நடப்பதற்கும் சாதாரணமாக நடப்பதற்கும் உள்ள வித்தியாசம் அது. அதைவிட முக்கியம், இஞ்சின் பின்னிழுத்துப் பிடிக்கும் பிடியில் கால் பங்கு போய்விட்டது.

பாதி வழியில் சரிந்திருந்த மண்ணைப் பார்க்க நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினோம். நாலு எட்டு வைத்திருப்போம், வண்டி மெல்ல நகர்ந்தது. ஓடிப்போய்க் கால் பிரேக்கை மிதித்தேன். பிப்ரவரியில் நடந்தது மனதில் இருந்ததால் கை நடுங்கியது.

முதலில் கைப்பிரேக் ஷூவில் எண்ணெய் பட்டிருக்கும் என்று நினைத்தேன், டிரான்ஸ்ஃபர் பெட்டியின் பின் சீல் கசிவது இந்த வண்டிகளில் சகஜம். டிரம்மைக் கழற்றினால் ஷூ காய்ந்து சுத்தமாக இருந்தது. கொட்டகையில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் புரிந்தது. டிரம் பிடிப்பது புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை. அந்தப் பிடி சக்கரத்துக்குப் போவது டிஃப் வழியாக. டிஃப் 4.7ஆக இருந்தபோது டிரம்மின் பிடி 4.7 மடங்காகச் சக்கரத்தை நிறுத்தியது. 3.54 போட்டதும் 3.54 மடங்குதான். டிஃப்பை மாற்றியபோது கைப்பிரேக்கின் கால் பங்கு பலத்தையும் நானே கழற்றி வைத்திருக்கிறேன். டிஃப் மாற்றச் சொன்ன யாரும் இதைச் சொல்லவில்லை. அவர்கள் வண்டிகள் பெரும்பாலும் ரோட்டில் ஓடுபவை, அவர்களுக்கு 3.54 சரியான தேர்வுதான். சுமையோடு சரிவில் நிறுத்துகிறவர்களுக்கு அது சரிவராது. இதை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான்.

டிசம்பர், ஜனவரி

3.54 இரண்டையும் இறக்கினேன். கொட்டகையில் சாக்கில் சுற்றி வைத்திருந்த பழைய 4.7 மறுபடி ஏறியது. இந்த முறை பின் டிஃப்பில் ஷாஃப்ட் செருகும் சைடு கியர்களை மாற்றி, 24 ஸ்ப்லைன் ஷாஃப்ட் போட்டேன். பல் எண்ணிக்கை கூடும்போது பள்ளம் ஆழமில்லாமல் வருகிறது, ஷாஃப்ட்டின் நடுத்தண்டு தடிமனாக நிற்கிறது. பழைய 10 ஸ்ப்லைனையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஏன் பழையது உடைந்தது என்று கேட்கவே தோன்றாது.

ரோட்டு வேகத்துக்கு ஓவர்டிரைவ் என்ற கூடுதல் கியர் பெட்டி. ஃபேரி என்ற ஆங்கிலேயக் கம்பெனி சீரீஸ் வண்டிகளுக்கென்றே செய்தது. டிரான்ஸ்ஃபர் பெட்டியின் பின்னால் உள்ள மூடியைக் கழற்றி அந்த இடத்தில் மாட்டுவது. விகிதம் 0.782. வேண்டும்போது லீவரைத் தள்ளினால் ரோட்டுக்கு ஏற்ற கியர், வேண்டாதபோது எடுத்துவிட்டால் பழைய 40.6 அப்படியே இருக்கிறது. கைப்பிரேக்கும் முழுப் பலத்தோடு.

எனக்குக் கிடைத்தது பழையது. மேலே பார்க்க நன்றாக இருந்தது, பிரித்தால் நீடில் பேரிங் ஓடிய இடம் நீலம் பாய்ந்திருந்தது. எண்ணெய் வற்றிய நிலையில் யாரோ ஓட்டியிருக்கிறார்கள். ஓவர்டிரைவுக்குத் தனி எண்ணெய், கியர்பாக்ஸில் ஊற்றினால் அதற்குப் போகாது. பேரிங்குகளும் சீல்களும் புதிதாகப் போட்டேன். மாட்டும் வேலை நடு இருக்கைப் பெட்டியைத் தூக்கிவிட்டால் கடினமில்லை. மெயின்ஷாஃப்ட் நட்டைக் கழற்றி, அங்கிருக்கும் கியரை உருவி, ஓவர்டிரைவோடு வரும் ஸ்லீவைப் போட்டு, பெட்டியை நேராகத் தள்ள வேண்டும். பல் பொருந்தாவிட்டால் சுத்தியல் எடுக்காமல் பின் சக்கரத்தைக் கொஞ்சம் திருப்புங்கள், தானே உள்ளே போகும்.

2500 சுற்றில் இப்போது 87 கிலோமீட்டர். 3.54இல் கிடைத்த 90க்கு மூன்றுதான் குறைவு. ஸ்பீடோமீட்டரும் சரியாகக் காட்டுகிறது, ஓவர்டிரைவ் அதன் கேபிளுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதால். 3, 4 கியர்களில் மட்டும், ஹை ரேஞ்சில் மட்டும் போடுகிறேன். லோ ரேஞ்சில் போடவே மாட்டேன். டிடிஐயின் முறுக்கை முதல் கியரில் வாங்குவதற்கு அந்தச் சின்னப் பற்கள் செய்யப்படவில்லை. போட்டதும் ஒரு மெல்லிய கீச்சு ஒலி வருகிறது, பழகிவிட்டது.

இப்போது

ஓவர்டிரைவ் போட்டு 600 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. 500இல் எண்ணெயை வடித்துப் பார்த்தேன். காந்தத்தில் சாம்பல் நிறப் பசை கொஞ்சம், துணுக்கு எதுவும் இல்லை. பின் டிஃப் எண்ணெயும் மாற்றியாயிற்று, இபி 90 கியர் எண்ணெய்.

போன வாரம் மழையில் சுமையோடு அப்பா இறக்கினார். நடுவில் ஒருமுறையும் பிரேக் விளக்கு எரியவில்லை, பின்னால் நடந்து வந்து பார்த்தேன். அதே சரிந்த மண் இடத்தில் நிறுத்திக் கைப்பிரேக்கை இழுத்தார், வண்டி அசையவில்லை. ஆனாலும் சக்கரத்துக்கு ஒரு கல் வைத்தார்.

முன் ஸ்விவல் இரண்டிலும் சீல் கசிகிறது. அடுத்து அது.