சாட்ஸ்வொர்த் வராந்தாவில் மூன்று எட்டுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் உறவினர் வீட்டில் தங்கியிருந்த நாள்களில், இரவுச் சாப்பாடு முடிந்ததும் வராந்தாவுக்குச் சீட்டுக்கட்டு வந்துவிடும். 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்து சேர்ந்தவர்களின் வழித்தோன்றல்களுக்கு இங்கே துனி என்ற ஆட்டத்தின் மேல் பெரும் பற்று உண்டு. ஆளுக்கு ஆறு சீட்டு. ராஜாவையும் ராணியையும் விஞ்சி ஜாக்கிக்கே 30 புள்ளி. ஆறு பிடியையும் (சுற்றையும்) தானே எடுப்பதாகத் ‘துனி’ சொல்பவர் முதலில் இறக்கும் சீட்டின் இனமே துருப்பாகிவிடும். அங்கே முதலில் இறங்குவது அதிகாரம். போக்கரில் அதுவே பாதகம் என்பதை அந்த வராந்தாவில்தான் சரியாக உணர்ந்தேன்.

காசு வைக்காமல், ஆளுக்கு 1000 சில்லுகளுடன், பிளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாகப் போடுவது) 5, 10 என்று போக்கர் ஆடினோம். பிக் பிளைண்டில் (10 போடும் இடத்தில்) நான், பட்டனில் (கடைசியில் பேசும் இடத்தில்) வீட்டுத் தாத்தாவின் பேரன். அவன் 30க்கு ஏற்ற, கையில் இரண்டு எட்டுகளுடன் நான் கால் செய்தேன், அதாவது அதே அளவு போட்டேன். மற்றவர்கள் விலக, பாட் (நடுவே சேர்ந்த சில்லுகள்) 65. ஃப்ளாப்பில் (எல்லோருக்கும் பொதுவாக மேசையில் திறக்கும் முதல் மூன்று சீட்டில்) ஆர்ட்டின் ராஜா, ஆர்ட்டின் எட்டு, கிளாவர் ஏழு. ஜோடியை வைத்திருப்பவருக்கு ஃப்ளாப்பில் செட் (அதே எண்ணில் மூன்றாவது சீட்டு) விழுவது சுமார் 12 சதவீதமே. அந்த மகிழ்ச்சியை மறைக்க நினைத்து நான் செக் செய்தேன், அதாவது சில்லு வைக்காமல் விட்டேன். அவன் வைத்த 40ஐ வெறுமனே கால் செய்தேன். டர்னிலும் (நான்காம் பொதுச் சீட்டிலும்) செக் செய்தபோது அவனும் செக் செய்துவிட்டான். ரிவரில் (ஐந்தாம், கடைசிப் பொதுச் சீட்டில்) ஆர்ட்டின் மூன்று விழ, அவன் ஃப்ளஷ் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) காட்டினான்.

தாத்தா அதே சீட்டுகளை மீண்டும் மேசையில் அடுக்கினார். “தம்பி, மூணு எட்டை வெச்சுக்கிட்டு அவனுக்கு ஓசியிலே ஒரு சீட்டுக் குடுத்துட்டியே!”

ஃப்ளாப்பில் செக் செய்தது பிழையில்லை. முன்பு ஏற்றியவன் பெரும்பாலும் தானே பெட் வைப்பான். பிழை அதற்குப் பின் நேர்ந்தது. அவனது 40ஐ 130 ஆக ரெய்ஸ் செய்திருந்தால், அவன் மேலும் 90 போட வேண்டும்; அடுத்த ஒரு சீட்டை மட்டும் பார்த்தால் அதற்கு (325 பாட்டில் 90) ஏறத்தாழ 28 சதவீத வாய்ப்புத் தேவை, ஃப்ளஷுக்குக் காத்திருப்பவனுக்கு இருப்பதோ சுமார் 19. அவன் கையில் ராஜா ஜோடி இருந்திருந்தால் லாபம் இன்னும் பெரிது: பாட் 325 ஆகும், டர்னில் 220 வைத்தால் 765 ஆகும், ரிவரில் என்னிடம் மிஞ்சும் 620ம் இயல்பான பெட்டாகவே உள்ளே போகும். கடைசியில் பேசுபவன் விரும்பினால் செக் செய்து பாட்டைச் சிறிதாகவே நிறுத்திவிட முடியும் என்பதால், முதலில் பேசுபவன்தான் அதை வளர்க்கும் பொறுப்பை ஏற்க வேண்டும். வெவ்வேறு இனங்களில் ஒரு ராஜாவும் இரண்டு இரண்டுகளும் போல, ஃப்ளஷுக்கோ வரிசைக்கோ இடமில்லாத மேசையில் மட்டுமே நான் இப்போது நிதானமாகக் கால் செய்கிறேன்.

புறப்படும் முன்னிரவு, அதே பிக் பிளைண்ட் இடத்தில் எனக்கு மூன்று ஐந்துகள் அமைந்தன. செக், அவன் 40, நான் 130. அவன் கால் செய்தான். டர்ன் சீட்டு திரும்பியதும், ஒரு கணமும் தயங்காமல் 220 சில்லுகளை நடுவே தள்ளினேன். தாத்தா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை மேசைக்கு அருகே இழுத்துக்கொண்டார்.