பாராட்டு மடலில் என்ன எழுதுவது: மதுரை நாட்குறிப்பு

பிப்ரவரி 23, 2025, ஞாயிறு

எங்கள் பகுதிக் குடியிருப்போர் சங்கம் இவ்வாண்டும் மகளிர் நாளையொட்டி இப்பகுதிப் பெண்கள் சிலரைச் சிறப்பிக்க முடிவு செய்திருக்கிறது. பாராட்டு மடல்களை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருப்பதால், முந்தைய ஆண்டுகளின் மடல்களை வாங்கிப் படித்தேன். 'தன்னலமற்ற சேவை', 'தாயுள்ளம்', 'பெண்குலத்தின் பெருமை' ஆகிய சொற்கள் எல்லாவற்றிலும் இருக்கின்றன. பெயரை மட்டும் மாற்றினால் ஒருவருக்கு எழுதியது இன்னொருவருக்கும் பொருந்திவிடும். அந்தப் பெண் என்ன செய்தார், யாரிடம் வாதாடினார், அதனால் யாருக்கு என்ன கிடைத்தது என்பது ஒரு மடலிலும் இல்லை. மதுரை மாவட்டத்தில் இப்படி எழுதுவது எனக்கு வருத்தமளிக்கிறது. செய்த வேலையைச் சொன்னாலே போதும், அடைமொழியே வேண்டாம் என்னும்படி வாழ்ந்த பெண்கள் உள்ள மண் இது.

பிப்ரவரி 26, புதன்

சின்னப்பிள்ளை அம்மாளைப் பற்றி யாரிடம் கேட்டாலும், பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கிய காட்சியைத்தான் முதலில் சொல்கிறார்கள். அது 2001 ஜனவரி 4 அன்று, டெல்லியில் ஸ்திரீ சக்தி விருது வழங்கும் விழாவில் நடந்தது. மறுநாள் நாடு முழுவதும் அந்தப் படத்தைப் பார்த்தது. ஆனால் அந்த மேடைக்கு அவரைக் கொண்டு சேர்த்த வேலை, அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அழகர்கோவில் பக்கத்துப் பில்லுசேரியின் வயல்களில் தொடங்கியிருந்தது.

எழுதப் படிக்கத் தெரியாத, சொந்த நிலமில்லாத விவசாயக் கூலி அவர். களையெடுப்புக்கும் அறுப்புக்கும் பெண்களைக் கொத்தாகத் திரட்டி, நிலத்துக்காரரிடம் கூலியைப் பேசி முடித்து, வேலை ஓய்ந்ததும் கிடைத்ததைப் பங்கிட்டுக் கொடுப்பது அவருடைய பொறுப்பாக இருந்தது. வயது முதிர்ந்தவர்களையும் உடல் நலிந்தவர்களையும் அவர் கொத்திலிருந்து கழித்துவிடவில்லை; அவர்களுக்கும் மற்றவர்களுக்குக் கொடுத்த அதே கூலியைக் கொடுத்தார். வேகமாக வேலை செய்யும் இளம்பெண்களிடம் இதை ஏற்கச் சொல்வதற்கு எவ்வளவு நேர்மையும் சொல்வன்மையும் வேண்டும் என்பதைக் கூலி வேலை பார்த்தவர்கள் அறிவார்கள். ஊர்க் கண்மாயின் மீன்பிடி உரிமை நிலமில்லாதவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று போராடியவரும் அவரே. தானம் அறக்கட்டளையின் களஞ்சியம் இயக்கம் அந்த வட்டாரத்தில் சேமிப்புக் குழுக்களைத் தொடங்கியபோது, பெண்கள் அவரை நம்பிச் சேர்ந்ததற்கு இந்தப் பங்கீடுகளே காரணம் என்பது என் கருத்து.

2019இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. அதன் பிறகும் அவருக்கெனச் சரியான வீடில்லை என்பது 2024இல் செய்தியாக வந்து, தமிழ்நாடு அரசு வீடு கட்டித்தர ஆணையிட்டது. மேடையில் வணங்கியதோடு நம் கடமை முடிந்துவிட்டதாக நாம் எல்லோரும் இருந்துவிட்டோம் என்பதை எண்ணும்போது மனம் வலிக்கிறது.

மார்ச் 2, ஞாயிறு

இவ்வாண்டு சிறப்பிக்கப்படுபவர்களில் ஒருவர் எங்கள் தெருவின் மகளிர் குழுத் தலைவி. அவருடைய வேலையைப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். மாடிப்படிக்குக் கீழே கோரைப்பாய் விரித்து வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவரும் சேமிப்புப் பணத்தை நடுவில் வைக்க, கணக்கெழுதும் பெண் தொகையை உரக்கச் சொல்லி, உறுப்பினரின் சிறு புத்தகத்திலும் குழுவின் பேரேட்டிலும் பதிந்தார். எழுதத் தெரியாத பாட்டி ஒருவர், தம் வரிசை வந்ததும் முந்தைய மாத இருப்பைத் தாமே வாய்விட்டுச் சொன்னார். அது ஒரு ரூபாய் பிசகாமல் இருந்தது.

பிறகு கடன் பேச்சு வந்தது. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு ஒருவரும், இட்லிக் கடைக்குக் கிரைண்டர் வாங்க ஒருவரும் கேட்டார்கள். இருவருக்கும் கொடுக்கும் அளவுக்குப் பணமில்லை. தலைவி முடிவைத் தாமே சொல்லிவிடாமல் ஒவ்வொருவரின் கருத்தையும் கேட்டார். கட்டணத்துக்குக் கடைசி நாள் நெருங்கிவிட்டதால் அதை முதலில் கொடுப்பது, கிரைண்டருக்கு அடுத்த மாதம் கொடுப்பது என்று முடிவானது. கிரைண்டர் கேட்டவரின் முகம் சற்று வாடியதைக் கண்ட தலைவி, "அடுத்த மாசம் மொதப் பேரு ஒனக்குத்தான்டி, இப்பவே நோட்டுல எழுதிரச் சொல்றேன்" என்று சொல்லி, அதை எழுதவும் வைத்தார்.

கந்துவட்டியைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2003இலேயே வந்துவிட்டது. இருந்தும், நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய் வட்டிக்கு ஆள் தேடிப் போகும் நிலை இந்தத் தெருவில் பெருமளவு குறைந்திருப்பதற்கு, இந்தப் பாயில் நடக்கும் பேச்சே பெரிய காரணம். மடலில் இதைத்தான் எழுதப்போகிறேன்.

மார்ச் 4, செவ்வாய்

வில்லாபுரம் லீலாவதியையும் விழாவில் நினைவுகூர வேண்டும் என்று சங்கத்தில் கேட்டுக்கொண்டேன். நெசவுத் தொழிலாளர் குடும்பத்தைச் சேர்ந்த அவர், உள்ளாட்சியில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடஒதுக்கீட்டோடு 1996இல் நடந்த தேர்தலில் மார்க்சிஸ்ட் கட்சி சார்பில் மதுரை மாமன்ற உறுப்பினரானார். லாரித் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருந்த வில்லாபுரத்துக்கு மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரைக் கொண்டுவரப் போராடினார். 1997 ஏப்ரல் 23 அன்று, பட்டப்பகலில் தெருவில் வெட்டிக் கொல்லப்பட்டார்.

மகிழ்ச்சியான விழாவில் கொலையைப் பேச வேண்டுமா என்று ஒருவர் கேட்டார். பேசத்தான் வேண்டும் என்று சொன்னேன். குடிநீர் கேட்பது பெண்களுக்கு இயல்பான, ஆபத்தில்லாத பொதுப்பணி என்ற எண்ணம் நம்மிடம் இருக்கிறது. தண்ணீர் காசாகும் இடத்தில் அதைக் கேட்பவருக்குப் பகைவர்களும் இருப்பார்கள். அதை மறைத்துவிட்டுப் புகழ்ந்தால் அவருடைய துணிவையே மறைத்தவர்கள் ஆவோம். நீண்ட பேச்சுக்குப் பிறகு ஒப்புக்கொண்டார்கள்.

மார்ச் 7, வெள்ளி

மடல்கள் அச்சுக்குப் போய்விட்டன. அடைமொழிகளை நீக்கியதால் ஒவ்வொன்றிலும் இடம் மிஞ்சியது. செய்த வேலைகளுக்கு அந்த இடம் சரியாக இருந்தது.

மார்ச் 9, ஞாயிறு

நேற்று விழா நன்றாக நடந்தது. லீலாவதியைப் பற்றிச் சொன்னபோது, வயதான பெண்கள் சிலர் குடத்தோடு லாரிக்குக் காத்துக்கிடந்த நாள்களைத் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். இளையவர்கள் திரும்பி அவர்களிடம் கேட்கத் தொடங்கினார்கள். குழுத் தலைவி, மடலைத் தனியே வாங்க மறுத்துக் கணக்கெழுதும் பெண்ணையும் மேடைக்கு அழைத்துக்கொண்டார்.

சிறப்பிக்கப்பட்ட இன்னொருவரான அங்கன்வாடி உதவியாளர், தமக்குக் கிடைத்த இரண்டு நிமிடத்தில் சுருக்கமாக நன்றி சொல்லிவிட்டு, குழந்தைகள் சாலைக்கு ஓடிவிடாமல் இருக்கச் சுற்றுச்சுவர் கேட்டார். மேடையில் இருந்த மாமன்ற உறுப்பினர், எழுத்தில் கொடுத்தால் மண்டல அலுவலகத்தில் தாமே சேர்ப்பதாகச் சொன்னார். மனுவை எழுதித் தரும்படி அந்த அம்மா என்னிடம் கேட்டிருக்கிறார். சுவரின் நீளத்தை இன்று மாலை இருவருமாக அளந்துவிட்டோம். நாளைக் காலை பெற்றோர்களிடம் கையெழுத்து வாங்கத் தொடங்குகிறோம்.