கிட்னி மாற்றிய பிறகு: ஓர் இருமல் மருந்து படுத்திய பாடு

அம்மா கொடுத்த கிட்னியோடு சில வருஷங்களாக நன்றாகத்தான் இருக்கிறேன். கண்டியில் செய்த ஒப்பரேஷன், ஆரம்பத்தில் அடிக்கடி போன கிளினிக், எல்லாம் நல்லபடியாகப் போயின. உறவினர் கொடுத்த கிட்னி சராசரியாக 15 முதல் 20 வருஷம் உழைக்கும் என்கிறார்கள். அதைக் காப்பாற்றுவதில் எங்கே இடிக்கும் என்பது போன மழைக்காலத்தில்தான் தெரிந்தது.

இருமல் விடவே இல்லை. தோட்டத்திலிருந்து டவுனுக்கு இறங்கி ஒரு தனியார் டிஸ்பென்சரியில் காட்டினேன். கிளினிக் கொப்பியை மேசையில் விரித்து வைத்து, "ஐயா, நான் கிட்னி மாத்தின ஆள், டக்ரோலிமஸ் குடிக்கிறேன்" என்றேன். புதுக் கிட்னியை உடம்பு நிராகரிக்காமல் இருக்கக் குடிக்கும் மருந்து அது. அவர் கொப்பியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சாதாரண மருந்துதான் தம்பி, பயப்பட வேணாம்." கையில் வந்த கவரில் காலை 1, இரவு 1 என்று மட்டும் எழுதியிருந்தது. மருந்தின் பெயர் இல்லை.

இருமல் குறைந்தது. ஆனால் கை நடுங்க ஆரம்பித்தது. பிளேன்டீ கோப்பையைத் தூக்கினால் பாதி சாசரில் கிடக்கும். சட்டைப் பொத்தானைப் போட மனைவிதான் வர வேண்டியிருந்தது. கூடவே விடாத தலைவலி.

கிளினிக் மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன். "காலை டக்ரோலிமஸைக் குடிக்காம உடனே வாங்க, ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்குன்னு பார்க்கணும்" என்றார். இரவு மாத்திரை குடித்துப் பன்னிரண்டு மணித்தியாலம் கழித்து, அடுத்ததைக் குடிக்கும் முன் ரத்தம் எடுத்தால்தான் அந்தக் கணக்கு சரியாக இருக்கும். மாத்திரையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறினேன். கவுண்டரில் இருந்தவர் போமை வாங்கிப் பார்த்துவிட்டு, இன்றைக்கு உங்கள் கிளினிக் நாள் இல்லை, சீலும் இல்லை என்று திருப்பிக் கொடுத்தார். சீல் வைக்க அலைந்து திரும்புவதற்குள் ரத்தம் எடுக்கும் நேரம் முடிந்துவிட்டது. ஆத்திரத்தில் எனக்குப் பேச்சே வரவில்லை. மறுநாள் மறுபடி அதே மலைப்பாதை.

ரிசல்ட்டில் டக்ரோலிமஸ் இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு ஏறியிருந்தது. கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின், 1.3 இல் நின்றது, 2.1க்கு ஏறியிருந்தது. டொக்டர் டிஸ்பென்சரிக்குப் பேசிய பிறகுதான் அந்த இருமல் மாத்திரை கிளாரித்ரோமைசின் என்ற அன்டிபயோட்டிக் என்று தெரிந்தது. டக்ரோலிமஸைச் சிதைக்கிற ஈரல் நொதியை அது தடுத்துவிடும். மருந்து உடம்பில் தேங்கி, காப்பாற்ற வேண்டிய கிட்னியையே தாக்கும். அதை நிறுத்தி, டக்ரோலிமஸ் அளவையும் கொஞ்ச நாள் குறைத்தார்கள். கிரியேட்டினின் மெல்ல 1.4க்கு இறங்கியது. அன்று எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

பெயர் எழுதாத கவரை இப்போது நான் எங்கேயும் வாங்குவதில்லை. நீங்களும் வாங்காதீர்கள். எரித்ரோமைசின் என்ற அன்டிபயோட்டிக், பூஞ்சைக்குக் கொடுக்கும் புளுகொனசோல் இரண்டும் கிளாரித்ரோமைசின் செய்த இதே வேலையைச் செய்யும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் நேர்மாறு. டக்ரோலிமஸைக் குறைத்துவிடும், உடம்பு கிட்னியை நிராகரிக்கத் தொடங்கலாம். கொழுந்து பறித்து முதுகு வலிக்கிறது என்றால் டைக்ளோஃபெனக்கைத் தூக்கிக் கொடுத்துவிடுகிறார்கள், அது நமக்கு ஆகவே ஆகாது. பக்கத்து வீட்டில் ஜம்போலா (பம்பளிமாஸ்) வெட்டிக் கொடுத்தால் அதையும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அதுவும் டக்ரோலிமஸை ஏற்றிவிடலாம். 2022 மருந்துத் தட்டுப்பாட்டில் நடந்த மாதிரி வேறு கம்பனி டக்ரோலிமஸ் கிடைத்தால், கிளினிக்கில் சொல்லி ரத்த அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். கிட்னி மாற்றியவர்களுக்குக் கொடுக்கும் ஸ்டீரொய்டும் டக்ரோலிமஸும் சேர்ந்து சீனி வருத்தத்தைக் கொண்டுவரலாம், அதனால் சீனியையும் பிரஷரையும் பார்க்காமல் விடாதீர்கள்.

அப்புறம் ஒன்று. கிட்னி கொடுத்தவரை யாரும் கூப்பிட்டுப் பார்ப்பதில்லை. அம்மாவுக்கு வருஷம் ஒரு தடவை பிரஷர், கிரியேட்டினின், சிறுநீரில் புரதம் மூன்றும் பார்க்க வேண்டும். என் கிளினிக் நாளிலேயே அவருக்கும் நம்பர் எடுக்கிறேன். சீலை முதல் நாளே வாங்கி வைத்துவிடுகிறேன்.